கிராம்பு மணத்த செவ்வாய்க்கிழமைகள்

செண்பகவடிவு முதன்முதலாகப் பேசியது மினிபஸ் கண்டக்டர் சுடலைமணியின் வாயால். ஆடி மாதம் கடைசிச் செவ்வாய், காலை பத்தரை மணி. சந்தை, தேரடி, தாலுகா ஆபீஸ் என்று வழக்கம்போல் நிறுத்தங்களை அடுக்கிக்கொண்டே வந்த சுடலைமணி, தேரடிக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடுவில் நிறுத்தி, ஆழக் கிணற்றிலிருந்து வாளி இழுப்பவரைப்போல ஒவ்வோர் எழுத்தாக மேலே கொண்டுவந்து, "நான் செண்பகவடிவு" என்று தன் கட்டைக் குரலில் சொல்லிவிட்டு, எச்சில் தொட்டு அடுத்த டிக்கெட்டைக் கிழித்தார்.

"அது நம்ம பீடிக்கார உலகம்மா நாத்தனாருல்லா?" என்றாள் முன்சீட்டில் கீரைக்கட்டோடு இருந்தவள். "அதுக்குப் பேச்சே கெடையாதே."

"இப்பம் பேசிட்டால்லா," என்று டிக்கெட்டை நீட்டினார் சுடலைமணி. "தாலுகா ஆபீஸ் எறங்குதவங்க முன்னால வாங்க."

அதே நாள் பத்தேகால் மணிக்கு, ஆவாரங்குளத்தில் எல்லோரும் பேச்சாஸ்பத்திரி என்று சொல்லும் எங்கள் கல்லூரிப் பயிற்சிக்கூடத்தின் நான்காம் அறையில், நான்தான் செண்பகவடிவிடம் "உன் பேர் என்ன?" என்று கேட்டிருந்தேன். என் பெயர் இசக்கி. அப்போது பேச்சுப் பயிற்சிப் படிப்பில் இரண்டாம் வருடம், பத்தொன்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. எங்கள் வகுப்பில் ஒன்பது பேர், ஆளுக்கொரு நோயாளி. எனக்கு ஒதுக்கப்பட்டவள் முப்பத்தொரு வயது வடிவு. பிறந்தபோதே மூச்சு முட்டி மூளையில் அடி வாங்கியவள், கை கால் விறைத்தவள், வாய் திறந்தால் காற்று மட்டும் வருகிறவள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவளை நான் 'நீ' என்றுதான் கேட்டேன், ஏனென்றால் படிவத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள். கேட்டுவிட்டு ஐந்து விநாடி காத்திருக்க வேண்டும் என்பது விதி. நிறுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சரியாக ஐந்து விநாடி காத்திருந்தேன், அவள் கண்கள் என்னையே பார்த்தன, கழுத்து நரம்பு புடைத்தது, ஆறாவது விநாடியில் 'பதில் இல்லை' என்று எழுதினேன். அந்தப் பதில் பதினைந்து நிமிடம் நடந்து தேரடியைத் தாண்டி ஒரு மினிபஸ்ஸில் ஏறும் என்று எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வயது கேட்டேன். பதினைந்து நிமிடம் கழித்து, பெண்கள் பள்ளியில் ஒரு பிள்ளையை முட்டிபோட வைத்துத் திட்டிக்கொண்டிருந்த தலைமையாசிரியை பாதித் திட்டில் "முப்பத்தொண்ணு" என்றார். அடுத்த வெள்ளி, பந்து ஒரு கையிலும் பொம்மை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு "எது வேணும்?" என்று கேட்டேன், தாலி ஏறக் குனிந்திருந்த ஒரு மணப்பெண் நிமிர்ந்து "ரெண்டும் வேண்டாம், நான் என்ன சின்னப்பிள்ளையா?" என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டினாலும், விஷயம் தெரிந்த நாதஸ்வரக்காரர் "அது வடிவு சொல்லுதா, நீங்க கட்டுங்க மாப்பிள்ளை" என்றதும் கெட்டிமேளம் கொட்டிக் கல்யாணம் நடந்தது.

இப்படி வடிவின் பதில் செவ்வாயும் வெள்ளியும் ஊரில் யாராவது ஒருவர் வாயில் வந்து இறங்குவது வழக்கமாகிவிட்டது. மற்ற ஐந்து நாட்களும் வரவில்லை, ஏனென்றால் மற்ற நாட்களில் அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை.

ஊர் இதைத் தூக்கிச் சுமக்கவும் இல்லை, தள்ளி வைக்கவும் இல்லை; மழைக்குக் குடை எடுப்பதுபோல் ஏற்றுக்கொண்டது. தன் வாயில் வந்தது அடுத்தவள் பொருள் என்பதால் அதைச் சேரவேண்டிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று நினைக்கிற நாணயம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு உண்டு. வாயில் வந்த சொல்லை மறந்துவிடாமல் முனகிக்கொண்டே பேச்சாஸ்பத்திரிக்கு வந்தார்கள். அட்டெண்டர் தங்கப்பழம் அவர்களுக்கென்று வராந்தாவில் ஒரு பெஞ்சு போட்டு, அட்டையில் எண் போட்டு வில்லை வெட்டிக் கொடுத்து, வரிசையில் உட்கார வைத்தார். மீன்காரியும் வக்கீல் குமாஸ்தாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒமக்கு என்ன வந்துது?" என்று விசாரித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் வார்த்தை வராத தெருவில் சின்ன வருத்தம்கூட இருந்தது.

சிக்கல் எங்கள் பக்கத்தில்தான். வந்த சொல்லை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பயிற்சிக்கூடத் தலைவர் கோயில்பிள்ளை சார் நல்ல மனிதர், ஒரு பிள்ளையைக்கூட அதட்டாதவர், படிவத்தை மட்டும் வேதபுத்தகம்போல நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பவர். இரண்டு நாள் யோசித்து அவர் முடிவு சொன்னார்.

"நோயாளி வாயிலேருந்து வந்தாத்தான் அது நோயாளி பேச்சு. கண்டக்டர் வாயிலேருந்து வந்தா கண்டக்டர் பேச்சு. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வாரவன் கேட்டா நான் என்ன காட்ட?"

ஆகவே பேச்சு வெளிப்பாடு என்ற கட்டத்தில் வாராவாரம் 'இல்லை' என்றே எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சார் பாராட்டுவார்.

ஆவணி பிறந்து இரண்டாவது வாரம், "என்ன வேணும் வடிவு?" என்று கேட்டேன். அன்று கையில் பந்து இல்லை, பொம்மை இல்லை. அலமாரிச் சாவி தொலைந்துவிட்டது, அவ்வளவுதான், என் கருணை ஒன்றுமில்லை. அவள் கண்ணில் நீர் தளும்பி நின்றது. அதையும் குறித்துக்கொண்டேன், 'கண்ணில் நீர் வடிதல்' என்று. பதினைந்து நிமிடம் கழித்து மளிகைக் கடை பலவேசம் அண்ணாச்சி உளுந்து நிறுத்துக்கொண்டே சொன்னார்:

"மடியில போட்டு ஊட்டாதீங்க. சோறு நெஞ்சுக்குள்ள போவுது. உக்கார வச்சு ஊட்டுங்க."

இங்கே உலகம்மாளைப் பற்றிச் சொல்லவேண்டும். வடிவின் அண்ணன் பெண்டாட்டி, அவளுக்கு மைனி. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது வடிவுக்கு ஒன்பது வயது. வந்த ஆறாம் மாதம் மாமியார் செத்துப்போக, புருஷன் பிழைக்க சூரத்துக்குப் போக, பீடித் தட்டை ஒரு துடையிலும் வடிவின் தலையை மறு துடையிலும் வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருடம் ஓட்டியவள். இலை வெட்டுகிற கையைத் துடைத்துச் சோறு பிசைந்து, மடியில் மல்லாந்திருப்பவளின் வாயில் கைக்குழந்தைக்கு ஊட்டுவதுபோல ஊட்டுவாள். வடிவு இருமினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நெனைக்காவ" என்பாள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வடிவுக்குக் காய்ச்சல் வரும், நெஞ்சில் பூனை கத்தும், திருநீறு பூசுவாள், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் கூட்டிவருவாள், சரியாகும். ஆவாரங்குளத்தில் மருமகள்களைத் திட்டும்போது 'உலகம்மா கால் தூசிக்கு ஆவியா?' என்றுதான் திட்டுவார்கள். அவள் மடியைப் பற்றித்தான் இப்போது ஊர் வாயில் இப்படி ஒரு சொல் வந்து இறங்கியது.

பலவேசம் அண்ணாச்சி பெஞ்சுக்கு வந்து அதை ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமை பூக்காரிக்கு அதேதான் வந்தது. அடுத்த செவ்வாய் தபால்காரருக்கு. அதற்கடுத்து நிறைமாதத்துக்காரி ஒருத்தி பிரசவ வலிக்கு நடுவில் "உக்கார வச்சு ஊட்டுங்க" என்று அலறினாள். நான் எதைக் கேட்டாலும் சரி, இது என்ன நிறம் என்றாலும், பூனை எங்கே என்றாலும், வடிவு இந்த ஒரு பதிலையே அனுப்பிக்கொண்டிருந்தாள்.

வேடிக்கைக்குக் காது கொடுக்கிற ஊர் கோரிக்கைக்குக் கொடுக்காது. ஐந்தாறு வாரத்தில் சலிப்புத் தட்டியது. மீன் ஏலத்தின் நடுவில், பூசையின் நடுவில், எழவு வீட்டு ஒப்பாரியின் நடுவில் ஒரே சொல். அதைவிட, அந்தச் சொல் அவர்களுக்கு வலித்தது. ஆவாரங்குளத்தில் மடியில் போட்டு ஊட்டாத தாய் யார்? "இருபத்திரண்டு வருசம் பாத்தவளுக்குக் கெடைச்ச பேரப் பாரு" என்றார்கள். "உலகம்மா காதுக்குப் போனா நாண்டுக்கிட்டுல்லா சாவா" என்றார்கள். அவள் தெருவில் வந்தால் பேச்சை மாற்றினார்கள். தெருக்காரர்கள் சொல்லவில்லை, கடைக்காரர்கள் சொல்லவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அவளைக் கண்டதும் வில்லையை முந்தானைக்குள் ஒளித்தார்கள். எல்லாம் அவள்மேல் உள்ள பிரியத்தால். அந்தச் சொல்லும், யாருக்காக வந்ததோ அந்த உலகம்மாள் வாயில் மட்டும் ஒருநாளும் வந்து இறங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது, இந்தக் கதையில் எனக்குத் தெரிந்ததே கொஞ்சம்.

கிராம்பைக் கண்டுபிடித்தவர் பலவேசம் அண்ணாச்சிதான். பல்வலிக்கு ஒரு கிராம்பை நாக்குக்கு அடியில் அடக்கியிருந்த வெள்ளிக்கிழமை, சொல் அவர் தொண்டைவரை ஏறி, காரம் பட்டு, வந்த வழியே இறங்கிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஆவாரங்குளம் தன் வாயைத் தானே ஒரு கிராம்பால் மூடிக்கொண்டது. புரட்டாசி முடிவதற்குள் செவ்வாய் வெள்ளிகளில் கிராம்பு இல்லாத வாய் இல்லை. பள்ளிக்கூட வாசலில் டீச்சர்மார் பிள்ளைகளின் நாக்கைத் தூக்கிப் பார்த்து உள்ளே விட்டார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து குளத்தங்கரைவரை ஊரே பிரியாணி அண்டாபோல மணத்தது. தங்கப்பழம் பெஞ்சை உள்ளே தூக்கிப் போட்டு அதன்மேல் பழைய படிவங்களை அடுக்கினார்.

எனக்குத் தெரியாமல் இல்லை. பெஞ்சிருந்த நாளிலேயே கோயில்பிள்ளை சாரிடம் போய், "சார், வடிவுக்கு விழுங்குறதுல பிரச்சினைன்னு நெனைக்கேன்" என்று சொல்லத்தான் செய்தேன்.

"நீ இப்பம் எந்த வருசம்?"

"ரெண்டாம் வருசம் சார்."

"விழுங்குறது எந்த வருசப் பாடம்?"

"நாலாம் வருசம் சார்."

"அதத் தெரியாம தொட்டா ஆளு செத்துரும்மா. அதுக்குத்தான் நாலாம் வருசத்துல வச்சிருக்கு. நாலாம் வருசத்துப் பிள்ளைய மதுரைக்குப் போஸ்டிங் போயிருக்கு, பொங்கல் கழிச்சு வரும். நான் சீட்டு எழுதி வைக்கேன்." சொன்னபடியே எழுதினார். ஜனவரி பதினெட்டு என்று தேதி போட்டு வடிவின் கோப்பில் குண்டூசியால் குத்தினார். அது தப்பான விதி என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன், தெரியாதவள் கை வைத்தால் ஆள் சாகத்தான் செய்யும். உட்கார வைத்து ஊட்டச் சொல்வதற்கு எந்த வருடமும் படிக்கவேண்டாம் என்பதுதான் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அல்லது எனக்குத் தோன்றியது, மதிப்பெண்ணுக்குப் பயந்து நான் அதை எழவிடவில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒருநாள், பயிற்சி முடிந்து வடிவை இடுப்பில் தூக்கிக்கொண்டு நின்ற உலகம்மாள் என் கோட்டைப் பிடித்து நிறுத்தினாள். அந்த ஊரில் என்னை விட்டால் கிராம்பு மணக்காத வாய் அவளுடையது ஒன்றுதான்.

"ஏ பிள்ள, வடிவு ஊருக்குள்ள என்னமோ பேசுதாளாம்லா. என்ன சொல்லுதா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ."

வடிவு அவள் தோளில் தலை சாய்த்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சில் வடிந்து உலகம்மாளின் ரவிக்கை நனைந்திருந்தது. என் வாயில் கிராம்பு இல்லை. ஒன்பது வார்த்தை, ஒன்பதே வார்த்தை.

"அது எங்களுக்கு இன்னும் பாடத்துல வரல அக்கா," என்றேன். "பொங்கல் கழிச்சு நாலாம் வருசத்து அக்காமார் வருவாவ. அவங்க சொல்லுவாங்க."

"நல்லதாத்தான சொல்லுதா?"

"நல்லதுதான் அக்கா."

உலகம்மாள் சிரித்தாள். வடிவின் நெற்றியில் முத்தம் கொடுத்து, குடையை விரித்துக்கொண்டு போனாள்.

கார்த்திகையில் செய்முறைத் தேர்வு. திருநெல்வேலியிலிருந்து ஒரு பெரிய அம்மா தேர்வாளராக வந்திருந்தார். தேர்வன்று செவ்வாய். காலையில் பலவேசம் அண்ணாச்சி கடையில் நானும் ஒரு கிராம்பு வாங்கினேன். இதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கிறது, சொல்லும்போது இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

தேர்வாளர் வடிவின் அருகே குனிந்து, உலகம்மாளைக் கைகாட்டி, "இது யாரு?" என்று கேட்டார். ஐந்து விநாடி. 'பதில் இல்லை' என்று அவரும் எழுதினார். அப்புறம் உலகம்மாளையும் வடிவையும் வெளியே அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார், நான் மளமளவென்று சொன்னேன். கடைசியாக, "உன் நோயாளியோட முதல் தேவை என்ன?" என்றார். சுவர்க் கடிகாரத்தில் சரியாகப் பதினைந்து நிமிடம் ஆகியிருந்தது. அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி நெஞ்சில் ஏறித் தொண்டையில் வந்து முட்டியது, எலும்பு சிக்கினதுபோல. கண் கலங்கியது. ஊரில் அத்தனை வாயும் அடைத்திருக்க, அது கடைசியாக என்னைத் தேடி வந்திருக்கிறது. நாக்குக்கு அடியில் இருந்த கிராம்பைக் கடித்தேன். காரம் இறங்கியது, சொல்லும் இறங்கியது.

"படம் பார்த்துப் பொருள்களை இனம் காணுதல்," என்றேன்.

வகுப்பில் முதல் மதிப்பெண் எனக்குத்தான்.

மார்கழி ஒன்பதாம் தேதி வடிவுக்குக் காய்ச்சல். இந்த முறை நெஞ்சில் பூனை கத்தவில்லை, வேறு என்னவோ கத்தியது. பெரியாஸ்பத்திரியில் நுரையீரல் முழுக்கச் சளி என்றார்கள், நாலாம் நாள் போய்விட்டாள். தெருவே திரண்டு போனது. கடைசிவரை மடியிலேயே வைத்திருந்தாள் என்று உலகம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஜனவரி பதினெட்டாம் தேதி நாலாம் வருடத்து அக்காமார் சீட்டை எடுத்துக்கொண்டு நான்காம் அறைக்குப் போய், ஆள் வரவில்லை என்று எழுதித் திரும்பினார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் ஆவாரங்குளத்தில் யார் வாயிலும் அடுத்தவர் சொல் வரவில்லை. கிராம்பை மட்டும் பல பேர் விடவில்லை, பழகிவிட்டது.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே கூடத்துக்கு நான் பயிற்றுநராக வந்தேன். கோயில்பிள்ளை சார் ஓய்வு பெற்றிருந்தார். விழுங்குதலை முதல் வருடத்தின் முதல் வாரத்துக்கு இழுத்து வர எனக்கு மூன்று வருடக் கடிதங்கள் பிடித்தன. கிடைத்ததும் நேராக உலகம்மாள் வீட்டுக்குப் போனேன். அறுபதைத் தொட்டிருந்தாள், மடியில் பீடித் தட்டு மட்டும் இருந்தது. உண்மையைச் சொல்லத்தான் போனேன். வாய் வரவில்லை. "அக்கா, வெறச்ச ஒடம்பத் தூக்குறது எப்படி, கெட்டிச்ச பல்லத் தொறக்க வைக்கிறது எப்படின்னு எங்க பிள்ளைகளுக்குக் காட்டணும்" என்றேன். அதுவும் பொய்யில்லை. அதில் அவளுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

வந்தாள். தாடையின் எந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தால் பல் விடும் என்று காட்டினாள், பிள்ளைகள் விழுந்து விழுந்து குறிப்பெடுத்தார்கள். பிறகு அவளாகவே, கொண்டுவந்த தூக்குச்சட்டியைத் திறந்து, "ஊட்டுததையும் காட்டிருதேன்" என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். பிள்ளைகள் கூச்சப்பட்டு ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டார்கள். "நீ வா இசக்கி" என்றாள்.

மல்லாந்து அவள் மடியில் தலை வைத்தேன். புகையிலை வாசம், சோப்பு வாசம். மடி அவ்வளவு மெத்தென்று இருந்தது, யாருக்கும் எழுந்திருக்கத் தோன்றாது. மேலே அவள் முகம், அதற்கு மேலே சுற்றுகிற மின்விசிறி. முதல் கவளம் தயிர்ச்சோறு வாயில் விழுந்தது. நான் விழுங்கத் தொடங்குவதற்கு முன்னாலேயே அது தானாகச் சரிந்து தொண்டைக்குள் இறங்கியது, மூச்சு அடைத்தது, இருமினேன். "யாரோ நெனைக்காவ" என்று உச்சியில் தட்டினாள். இரண்டாவது கவளம். அப்போது, நான் கிராம்பைத் தொட்டே பல வருடங்கள் ஆகியிருந்தும், வாய் முழுக்கக் கிராம்புக் காரம் பரவியது. அடிவயிற்றிலிருந்து அது கிளம்பி வந்தது. இந்த முறை கடிக்க ஒன்றும் இல்லை.

"இது என் மைனி," என்றது என் வாய், ஆழக் கிணற்றிலிருந்து, எழுத்து எழுத்தாக. "சொன்னா கேப்பா. உக்கார வச்சு ஊட்டணும்னு இவகிட்ட யாராவது சொல்லுங்க."

பிள்ளைகள் எழுதுவதை நிறுத்தினார்கள். உலகம்மாளின் கை மூன்றாவது கவளத்தோடு என் முகத்துக்கு மேலே அப்படியே நின்றது. விரலிடுக்கில் தயிர் வழிந்து என் கன்னத்தில் சொட்டியது.

"இத எப்பம் சொன்னா?"

"பரீட்சை அன்னிக்கு அக்கா. தேர்வாளரம்மா ஒங்களக் காட்டி இது யாருன்னு கேட்டாவல்லா, அதுக்குச் சொன்ன பதிலு."

"அதுக்கு முன்னால?"

"ஆவணியிலேருந்து. ஊரு பூராவும்."

கவளத்தைத் தூக்குச்சட்டியிலேயே திரும்ப வைத்தாள். அவள் வயிறு என் காதோரம் ஏறி இறங்கியது. பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், விட்டுப்போன ஒன்றைச் சரிபார்க்கிறவள்போலக் கேட்டாள்:

"நான் ஒங்கிட்டக் கேட்டேம்லா பிள்ள?"

"கேட்டீங்க அக்கா."

இடது கையை என் கழுத்துக்கு அடியில் கொடுத்து, வடிவைத் தூக்குகிற அதே பக்குவத்தில் என்னைத் தூக்கி, சுவரில் சாய்த்து நிமிர்ந்து உட்கார வைத்தாள். முந்தானையால் என் வாயைத் துடைத்தாள். "வாயத் தொற" என்றாள். நான் திறந்தேன். தூக்குச்சட்டி காலியாகும்வரை, ஒவ்வொரு கவளமும் நான் விழுங்கி முடிக்கிறேனா என்று என் தொண்டையையே பார்த்துக்கொண்டு, மெதுவாக ஊட்டினாள்.